ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

லைன்ல கடைசி யாருங்க? அந்தப் பெரியம்மாவா? செரி, அப்ப அதுக்கு அப்பறம் நானுங்க. கொஞ்சம் நகந்துக்குங்க தம்பி, காலை அப்படியே நீட்டி வச்சுக்குங்க, எனக்கு இந்த எடமே போதும். நீங்க லைன்ல இல்லையா? பாத்தாச்சா? ஓ, கட்டு மாத்தறதுக்கு உக்காந்திருக்கீங்களா. என்னங்க, கால்ல ஏறினது காரமுள்ளா? அது பொல்லாததுங்க. உள்ளயே ஒடிஞ்சு நின்னுக்கும். கட்டு கட்டற சிஸ்டர் எங்க, தடுப்பூசி போடப் போயிருச்சா? அப்ப வர நேரமாகும். நல்லதாப் போச்சு, பேச்சுத் தொணைக்கு ஆளாச்சு.

எனக்கு ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கறேன். சீட்டு எழுதற எடத்துல அந்தப் பொண்ணு "என்னங்கய்யா பண்ணுது?"ன்னுது. ஒண்ணும் பண்ணலைன்னா சீட்டுத் தர மாட்டாங்கல்ல? தலைசுத்தல்னு போட்டுக்கம்மான்னேன். தலைசுத்தல்னா யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது பாருங்க. காச்சல்னா தொட்டுப் பாத்துருவாங்க.

சத்தமாச் சொல்லாதீங்க, உள்ள இருக்கறாங்களே டாக்டரம்மா, அது எம்பொண்ணுங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நெசமாத்தானுங்க. மூக்கு என் மூக்கு, மத்ததெல்லாம் அவங்கம்மா. வாசல்ல போர்டு இருக்குதுல்ல, டாக்டர் அ. சிந்துஜான்னு? அந்த 'அ' நானுங்க. அர்த்தநாரி.

பெத்த அப்பன் எதுக்குடா சீட்டு வாங்கி லைன்ல உக்காந்திருக்கறான்னு நெனைப்பீங்க. நியாயந்தான். டாக்டருக்கு ஏதுங்க நேரம்? போன் அடிச்சா எடுக்க முடியறதில்ல. பாவம், அடிக்கறப்பெல்லாம் ஏதாவது கேஸ் இருந்துட்டே இருக்குது. பொழுதோட, டூட்டி முடியற நேரமாப் பாத்து, குவார்ட்டர்ஸுக்கும் போய்ப் பாத்தேன், பூட்டியிருந்துச்சு. இன்னொரு நாள் போனேன், அன்னிக்கும் பூட்டு. அப்பத்தான் யோசிச்சேன். அப்பனா வந்தாத்தான பாக்க நேரமில்ல, நோயாளியா வந்தா பாத்துத்தான ஆகணும்? அது அவங்க தொழில் தர்மமில்லைங்களா? எப்படி என் மூளை? எங்கூட்டுக்காரிக்குக் கூடச் சொல்லல. சொன்னா "எதுக்கு அவளப் போயித் தொந்தரவு பண்றீங்க"ன்னு ஆரம்பிச்சுருவா.

அவ ஒரு மாதிரிங்க. பேரு சம்பூர்ணம். மக பேசலைங்கற கவலையே இல்ல அவளுக்கு. மாசாமாசம் அமாவாசைக்கு இந்தப் பக்கம் ஏதோ அம்மன் கோயிலாம், பஸ் ஏறிப் போயிட்டு வருவா. முந்தின நாள் உக்காந்து முறுக்கு சுடுவா. அந்தச் சாமிக்கு முறுக்குத்தான் படைக்கணுமாம். ஒரு டப்பா நெறையா கொண்டு போவா, காலி டப்பாவோட வருவா. அவ பக்தி அப்படி.

அது கெடக்கட்டும். இன்னிக்கு நான் வந்தது முக்கியமான சமாச்சாரம். பாப்பா மேல்படிப்புக்குப் பரிச்சை எழுதியிருக்கறா. இப்ப எந்தப் பிரிவு எடுக்கறதுன்னு குறிச்சுக் குடுக்கணுமாம். அவ பாட்டுக்கு எதையாவது குறிச்சுப்போட்டா என்னங்க ஆகறது? நான் ரேடியாலஜின்னு முடிவு பண்ணி வச்சிருக்கறேன். ஸ்கேனுங்க. அறுக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம், மேலாப்ல இருந்தே உள்ள என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லிப்போடறது. யோசிச்சுப் பாத்தா நம்ம தொழில்தான் அது.

நம்ம தொழிலா? போர்வெல்லுங்க. சொந்த வண்டி இல்ல, ஏஜெண்டு. திருச்செங்கோட்டுல ஆபீஸ். யாருக்குப் போர் போடணும்னாலும் நான் போயி பாயிண்ட் பாத்துக் குடுப்பேன். உள்ளங்கையில தேங்காய வச்சுட்டு காட்டுக்குள்ள நடந்தேன்னா, தண்ணி இருக்கற எடத்துல தேங்கா எந்திரிச்சு நிக்கும். சிரிக்காதீங்க. நிக்கும். தண்ணி வந்தா என் கை ராசின்னுவாங்க. வரலைன்னா அடியில பாறை. பாறைக்கு நான் என்னங்க பண்ண முடியும்?

உங்களுக்கு எத்தன கொழந்தைங்க? ஒரே பாப்பாவா? என்ன படிக்குது? பத்தாவது முடிச்சிருச்சா! ரிசல்ட் வந்துருச்சுல்ல, என்ன குரூப்புங்க? இன்னும் முடிவு பண்ணலையா? தம்பி, சாமியாப் பாத்துத்தான் என்னையக் கொண்டாந்து உங்க பக்கத்துல உக்கார வச்சிருக்குது. டாக்டருக்குப் படிக்கணும்ங்குதா? கேக்கவே வேண்டாம். நான் சொல்றதக் கேட்டுக்குங்க. உள்ள ஒண்ணை உருவாக்கி உக்கார வச்சிருக்கறவன் சொல்றேன்.

எங்க சிந்துஜா பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறுங்க. பள்ளிக்கூடத்து வாசல்லயே போட்டோ போட்டு பேனர் கட்டினாங்க. நான் அன்னிக்கே உசாராயிட்டேன். ஏன்னு கேளுங்க. கணக்குல நூறு எடுத்த புள்ளைய எல்லாரும் இஞ்சினியருக்கு இழுப்பாங்க. இஞ்சினியரு எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேரு இருக்கறாங்க தம்பி. எங்க வண்டியில பைப் தூக்கறவனே ஒருத்தன் இஞ்சினியரு.

பதினொண்ணாவதுல ரெண்டு வழி இருக்குது பாருங்க. பயோ மேத்ஸ்னு ஒண்ணு. அதுல உயிரியலும் இருக்கும், கணக்கும் இருக்கும். அப்பறம் ப்யூர் சயின்ஸ். அதுல தாவரவியல், விலங்கியல்னு உயிரியலே ரெண்டு பாடமா வரும், கணக்கு கெடையாது. ஊர் பூராவும் என்ன சொல்லுச்சு? பயோ மேத்ஸ் எடுங்க, டாக்டர் கெடைக்கலைன்னா இஞ்சினியராவது ஆகலாம்னு சொல்லுச்சு. எனக்கு அங்கதான் கோவம். கெடைக்கலைன்னாங்கற பேச்சே எதுக்குங்க? எந்த மடையனாவது ஒரே காட்டுல இந்த மூலையில பாதி, அந்த மூலையில பாதின்னு போர் போடுவானா? ரெண்டு எடத்துலயும் தண்ணி வராது. ஒரே பாயிண்ட்டு. தண்ணி வர்ற வரைக்கும் கீழ போயிட்டே இருக்கணும். அதுதான் ப்யூர் சயின்ஸ்.

அந்தக் கணக்கு டீச்சர் ஊட்டுக்கே வந்துருச்சு தம்பி. எஸ்தர் டீச்சர்னு. வெயில்ல ஸ்கூட்டியில வந்து எறங்கி, "சார், டாக்டருக்குப் படிக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. பயோ மேத்ஸ் எடுத்தே டாக்டருக்குப் போகலாம். பௌதிகத்துக்கும் கணக்கு ஒத்தாசையா இருக்கும். அவளுக்குக் கணக்குன்னா உசுரு சார்"னுது. நான் மோர் குடுத்து மரியாதையாத்தான் அனுப்பினேன். அவங்கவங்க பாடத்துக்கு அவங்கவங்க ஆள் புடிக்கத்தான் செய்வாங்க. எனக்குத் தெரியாதா ஏஜெண்டு வேலை?

எங்கூட்டுக்காரி அன்னிக்கு ராத்திரி சொன்னா, "புள்ளையவும் ஒரு வார்த்தை கேளுங்க"ன்னு. கேக்கறதுங்கறது என்னங்க? பதினஞ்சு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? பாயிண்ட் பாக்கறப்ப தேங்காய்கிட்டயா கேப்பாங்க, எங்க நிக்கறேன்னு? அது பாட்டுக்கு நிக்கும். நான் என்ன மவ மேல பாசமில்லாதவனா? பாசம் இருக்கறதாலதான நானே முடிவு பண்றேன்?

ஆனாலும் ஊட்ல ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டுத் திரிஞ்சாங்க. சோறு போட்டா தட்டு சத்தம் கேக்குது. நான் நியாயமான ஆளுங்க. செரி, நானும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம், சாமிகிட்டப் பூக்கேட்டுப் பாத்துருவோம்னேன். உங்க பக்கத்துலயும் கேப்பாங்கல்ல? கல்யாணத்துக்குக் கேப்போம், கெணறு வெட்டறதுக்குக் கேப்போம். வெள்ளையரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், மடிச்சு சாமி காலடியில போட்டு, சின்னக் கொழந்தைய விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்றது. எங்க கொலசாமி கோயில்ல அதுக்குத் தப்பே வராதுங்க. வெள்ளை வந்தா ப்யூர் சயின்ஸ், செவப்பு வந்தா பயோ மேத்ஸ்னு நாந்தான் சொன்னேன். டாக்டரு கோட்டு வெள்ளைங்கறதால பொருத்தமா இருக்கட்டும்னு.

நீங்க நம்ம ஆளு மாதிரி இருக்கறீங்க, அதனால சொல்றேன். பூவப் பொட்டலம் கட்டினது நாந்தான். ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன்.

என்னங்க, இப்படிச் சிரிக்கறீங்க? ஏமாத்துன்னு நெனைக்கறீங்களா? இல்லவே இல்ல. சாமிக்கு என்ன விருப்பம்னு எனக்குத் தெரியும். பின்ன எதுக்குச் சாமியப் போயிச் சோதிக்கறது? கொழந்த கை தவறிச் செவப்ப எடுத்துப்போட்டா சாமிக்கில்ல கெட்ட பேரு?

பூசாரி பேத்தி, சின்னப் புள்ள, எடுத்துக் குடுத்துச்சு. பிரிச்சா வெள்ளை. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. உண்மையாவே வந்துச்சுங்க. நான் வச்சதுதான்னாலும், சாமி கையால வர்றப்ப அது வேற. எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். சிந்துஜா மட்டும் நின்னுட்டே இருந்தா. அப்பறம் போயி இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சா. கொலசாமி கோயில்ல யாருமே அதப் பண்ண மாட்டாங்க. ஒண்ணு வந்துருச்சுன்னா இன்னொண்ணைப் பிரிச்சுப் பாக்கற வழக்கமில்ல. இவ பிரிச்சுப் பாத்தா. பாத்துட்டு என்னையப் பாத்தா.

நான் நெனைச்சேன், அழுவா, சத்தம் போடுவான்னு. ஒண்ணுமில்ல. மெதுவாத்தான் கேட்டா. "ரெண்டும் வெள்ளைன்னா எத எடுத்தாலும் வெள்ளைதானுங்கப்பா. அப்பறம் எதுக்குங்கப்பா கேட்டோம்?"

"சாமி மனசு தெரிய வேண்டாமா கண்ணு?"ன்னேன்.

அதுக்கப்பறம் அவ ஒரு வார்த்தை பேசல. மறு நாள் போயி ப்யூர் சயின்ஸ்ல சேத்துட்டு வந்தேன். எவ்வளவு அடக்கமான புள்ள பாருங்க. அன்னிக்கு நிறுத்தினவதான், என்கிட்ட எதுத்து ஒரு பேச்சுப் பேசினதில்ல. எதுத்துன்னு இல்ல, பொதுவாவே பேச்சுக் கொறைஞ்சு போச்சு. படிக்கற புள்ளைக்குப் பேச்சு எதுக்குங்க? நான் சந்தோசந்தான் பட்டேன். ஊர்ல அவனவன் புள்ளைங்க வாய்க்கு வாய் பேசுதுங்க.

பெரியம்மா உள்ள போயிருச்சா? இல்ல, இன்னும் முன்னால ரெண்டு பேரு இருக்கறாங்க. நம்ம டாக்டரம்மா நிதானமாத்தான் பாப்பாங்க. ஒவ்வொருத்தருகிட்டயும் எவ்வளவு நேரம் கேக்கறா பாருங்க. எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, எப்ப இருந்து வலிக்குதுன்னு. இத்தன கேக்கணுமா? பாத்தாலே தெரிய வேண்டாமா? இருந்தாலும் நல்ல பேருங்களாம் இங்க. அப்படியா? நீங்களும் அப்படித்தான் சொல்றீங்களா? பொறுமையாக் கேப்பாளா? எங்க கத்துக்கிட்டாளோ.

எங்க விட்டேன்? ஆங். மொத தடவ நீட் பரிச்சை எழுதினா. கெடைக்கல.

அது என் ஒருத்தன் கணக்குல எழுத முடியாதுங்க. உயிரியல்ல நல்ல மார்க்கு. தாவரம், விலங்குன்னு ரெண்டு வருசம் ஆழமாப் போட்டோமே, தண்ணி வந்துச்சு. பௌதிகத்துலதான் விழுந்துட்டா. அதுல பூராவும் கணக்குக் கணக்கா வருதாம். பதினொண்ணாவது கணக்கு தெரிஞ்ச புள்ளைக கண்ண மூடிட்டுப் போட்டுச்சாம், இவ ஒண்ணொண்ணுக்கும் தடுமாறினாளாம். எஸ்தர் டீச்சர எதேச்சையா மார்க்கெட்டுல பாத்தேன். தக்காளிய மட்டும் பாத்துட்டு நின்னுச்சு. நான் என்ன சொல்றது? பாறைன்னேன்.

ஒரு வருசம் ஹாஸ்டல்ல போட்டு மறுபடி படிக்க வச்சேன். நானும் சும்மா இல்லைங்க, வெள்ளிக்கெழமை தோறும் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறினேன். முட்டி தேஞ்சதுதான் மிச்சம்னு எங்கூட்டுக்காரி சொல்லுவா, ஆனா பலிச்சுதுல்ல? ரெண்டாவது தடவை கவர்ன்மெண்டு காலேஜே கெடைச்சுது. பௌதிகத்துல பிச்சுப்போட்டா. ஹாஸ்டல்ல கூட இருந்த பொண்ணு பயோ மேத்ஸாம். எல்லாரும் தூங்கின பொறவு அதுகிட்ட உக்காந்து ரெண்டு வருசக் கணக்கையும் பூராக் கத்துக்கிட்டாளாம். இது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு நெனைச்சேன். மலை ஏறினவன் நான் இருக்கறப்போ.

சீட்டுக் கெடைச்ச அன்னிக்கு ஊருக்கே லட்டுக் குடுத்தேன் தம்பி. ஆபீஸ்ல 'டாக்டர் சிந்துஜாவின் தந்தை'ன்னு விசிட்டிங் கார்டே அடிச்சேன். கீழ சின்னதா போர்வெல். இதுக்கு மேல ஒரு அப்பன் என்னங்க பண்ணணும்?

அப்படி இருக்கறப்ப, பொங்கலுக்கு வந்தா. நல்லாத்தான் இருந்தா, கரும்பு தின்னா, அவங்கம்மாகூடச் சிரிச்சுப் பேசினா. நான் அவ பையத் தொறந்து எதையோ எடுக்கப் போனா உள்ள என்ன இருக்குது? பன்னெண்டாவது கணக்குப் பொஸ்தகம். டாக்டரு பையில! பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல போட்டு வச்சிருக்கறா. ஓப்பன் ஸ்கூல்ல கணக்கு ஒரு பாடம் மட்டும் தனியா எழுதப் போறாளாம். "எதுக்குக் கண்ணு? இதுல என்ன கெடைக்கும்?"னு கேட்டேன். "ஒண்ணும் கெடைக்காதுங்கப்பா, சும்மா"ன்னுட்டா. சும்மாவா? மேல்படிப்புப் பரிச்சை வருது, இந்த நேரத்துல இன்னொரு எடத்துல போர் போட்டா என்னங்க ஆகறது? அவ தூங்கறப்ப எடுத்து, பழைய பேப்பர்காரன் வந்தான், போட்டுட்டேன். அவ நல்லதுக்குத்தான். கொழந்த கையில கத்தி இருந்தா வாங்கி வைக்க மாட்டமா?

மத்தியானமே கெளம்பிட்டா. டூட்டி இருக்குதுன்னா. அப்பறந்தான் இந்தப் போன் எடுக்க நேரமில்லாமப் போனது. வேலை அப்படி ஆகிப்போச்சு பாவம்.

அதனால உங்க பாப்பாவுக்கு ப்யூர் சயின்ஸ், நான் சொல்றேன். கண்ண மூடிட்டு.

என்னங்க?

பாப்பா கணக்கு எடுக்கணும்ங்குதா? அது பேச்ச எதுக்குக் கேக்கறீங்க. கணக்குச் சொல்லிக் குடுக்கற டீச்சரு கெளப்பி விட்டிருக்கும், எனக்குத் தெரியாதா. யாரு சொல்லிக் குடுக்கறது?

எங்க சிந்துஜாவா?

பொழுதோடயா? எங்க, உங்க தெருவுலயா? மாரியம்மன் கோயில் பக்கத்து ஸ்கூல்லயா? எல்லாப் புள்ளைகளுக்குமா? ஓ. அதனாலதான் குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்துச்சா.

அவளுக்குக் கணக்கு வராதுங்க தம்பி. அதாவது வரும், பத்தாவதோட நிறுத்தினது. பன்னெண்டாவது வரைக்குமே சொல்லிக் குடுக்கறாளா? அந்தக் கணக்குப் பரிச்சையும் எழுதிட்டாளாமா? எப்ப? சித்திரையிலயா? யாரு சொன்னா, உங்க பாப்பாவா? பாருங்க, உங்க பாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குது. சிரிச்சுட்டே சொல்லிக் குடுப்பாளா? ரொம்பச் சிரிப்பாளா?

அப்படிங்களா.

நல்லதுதான். இருந்தாலும் டாக்டரு அந்த நேரத்துல ஒரு கிளினிக் போட்டிருக்கலாமில்ல. செரி, நான் பேசறப்ப இதையும் ஒரு வார்த்தை... பெரியம்மா வெளிய வந்துருச்சா? என்னையத்தான் கூப்பிடறாங்களா? அர்த்தநாரி நாந்தானுங்க. வர்றேன், வர்றேன். தம்பி, இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்குங்க. சட்டை கசங்கியிருக்குதா? இல்லைல்ல?

வந்துட்டேனுங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க. இருக்குதுல்ல, அந்தப் பாட்டல்ல? ஆங்.

பேசிட்டேன். பேசினேன்னு சொல்ல முடியாது. சொல்றேன் இருங்க. அந்த சிஸ்டர் இந்தப் பக்கம் பாக்குதா? பாக்கலையே? மெதுவாச் சொல்றேன்.

உள்ள போனேன். சீட்டைத்தான் மொதல்ல பாத்தா. அப்பறம் என்னையப் பாத்தா. ஒரு நிமிசம் பேனா அப்படியே நின்னுச்சு. அப்பறம் "உக்காருங்க. எத்தன நாளாத் தலை சுத்துது?"ன்னா. மத்தவங்களக் கேக்கற மாதிரியேதானுங்க. "கண்ணு, அது சும்மா, உன்னையப் பாக்க"ன்னு ஆரம்பிச்சேன். "சட்டைக் கைய மேல ஏத்துங்க"ன்னா. பட்டையச் சுத்தினா. நான் விடுவனா? "ரேடியாலஜின்னு நான் முடிவு"ங்கறதுக்குள்ள, "பிரஷர் பாக்கறப்ப பேசக்கூடாதுங்க, ஏத்திக் காட்டும்"னுட்டா. செரின்னு வாய மூடிட்டேன். காத்த அடிச்சா, விட்டா, பாத்தா. மூஞ்சி மாறிப்போச்சு அவளுக்கு. மறுபடி அடிச்சா. நான் வாயத் தொறந்தேன், ஒத்த வெரலத் தூக்கிக் காட்டினா. பக்கத்துல மாத்திரை எண்ணிட்டிருந்த சிஸ்டரம்மா என்னைய மொறைச்சுது.

அப்பறம் ஸ்டெத்தஸ்கோப்பக் காதுல இருந்து எடுத்துட்டு, பட்டைய மட்டும் என் கையிலயே விட்டுட்டுச் சொன்னா. "இன்னொரு தடவ பாக்கணும். அது வரைக்கும் பேசாதீங்கப்பா. நான் சொல்றதை மட்டும் கேளுங்க."

அப்பான்னா தம்பி.

"எனக்கு ஆறாவதுல இருந்தே டாக்டராகணும்னுதாங்கப்பா ஆசை. அம்மாவுக்குத் தெரியும். பயோ மேத்ஸ் எடுத்திருந்தாலும் நான் இதுக்குத்தான் படிச்சிருப்பேன். நீங்க ஒரு தடவ கேட்டிருந்தா இதத்தான் சொல்லியிருப்பேன்"னா. சத்தமே போடல. "இந்த வேலை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்கப்பா. ஆனா நானா எடுத்ததுன்னு எனக்கே சொல்லிக்க முடியல. அது ஒண்ணுதான் உங்க மேல எனக்கு வருத்தம். மேல்படிப்புக்கு என்ன எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சேந்ததுக்கு அப்பறந்தான் உங்ககிட்டச் சொல்லுவேன்."

பாத்தீங்களா தம்பி! ஆறாவதுல இருந்தே! அவளுக்கே ஆசை இருந்திருக்குது! அப்ப நான் பாத்த பாயிண்ட்டு செரிதான? நான் ஒண்ணும் மாத்திப் பண்ணிப்போடலையே? அவ எங்க போகணும்னு இருந்தாளோ அங்கதான நானும் தள்ளி விட்டேன்?

பின்ன எதுக்குங்க தள்ளினேன்?

இல்ல, கேக்கறேன். அவளே நடந்து போயிருப்பாளாமே. கேட்டிருந்தா சொல்லியிருப்பாளாம். கேட்டிருந்தான்னா? ஏழு வருசம் ஒரே ஊட்ல, அதே கொழம்ப ஊத்தி அதே சோத்தத் தின்னுருக்கறோம். அவளும்தான் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? நான் கேட்டாத்தான் சொல்லணுமா? சொல்றதுக்குள்ள நான்... ஆமா, நான் கொஞ்சம் வேகமாப் பேசறவன்தான். அது தொழில் அப்படி.

நான் என்ன சொன்னேனா? எங்க சொல்றது? பேசக்கூடாதுன்னுட்டாளே. மறுபடி காத்த அடிச்சுப் பாத்தா, இன்னும் ஏறியிருக்குதாம். சும்மா சொன்ன தலைசுத்தலுங்க, உண்மையாவே பிரஷராம். நல்லா இருக்கறேன்னு திரிஞ்சுட்டிருந்திருக்கறேன். "எத்தன நாளா இப்படி இருக்குதோ தெரியல. முன்னாலயே வந்திருக்கணும்"னா. முன்னால வந்தா பூட்டியிருந்துச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன். முழுங்கிட்டேன்.

பட்டையக் கழட்டினா. கழட்டிட்டு, சுருட்டி விட்டிருந்த என் சட்டைக் கைய அவளே கீழ எறக்கினா தம்பி. பட்டனையும் போட்டு விட்டா. வேற யாருக்காவது போட்டு விடுவாங்களா? உங்களுக்குப் போட்டு விட்டாங்களா? நீங்க அரைக்கை, செரி. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. பெரியம்மா வேற வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்துச்சு, வெக்கமாப் போச்சு. ஆனா வந்துருச்சு, என்ன பண்றது.

ஒரு மாத்திரை குடுத்திருக்கறா. போட்டுட்டேன். வெளிய போயி ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கணுமாம். எறங்கினாத்தான் ஊட்டுக்கு விடுவாளாம். அவளே மறுபடி கூப்பிட்டுப் பாக்கறேன்னா. அவளேங்க. சிஸ்டர விட்டுப் பாக்கச் சொல்லல.

அதனால நீங்க ஒண்ணும் கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் பதில் சொல்லிப்போடுவேன். உங்க பாப்பா விசயம் ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சுக்கறேன், அந்த...

இல்லைங்க சிஸ்டர், பேசலைங்க. இந்தத் தம்பிதான் என்னமோ கேட்டாரு, அதுக்குத்தான். செரிம்மா. செரி, செரி. வாயத் தொறக்கல. இங்கயே இருக்கறேன், எங்கயும் போகல.

பேசாம இருந்தா கூப்பிடுவாங்கல்ல?